பெட்டி சாப்பிடவில்லை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

மாட்டு நோய் வருத்தங்களைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்டிருந்தீர்கள். அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. என்னைவிடப் படித்தவர்கள் எழுதியவை. தீவுப்பகுதியில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட மாட்டையும் ஆட்டையும் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்கிய நான், ஒரு பலாப்பழப் பாரம்கூட இல்லாத நாயிடம் தோற்ற கதையைத்தான் எழுதப்போகிறேன்.

காரணம் இருக்கிறது. குட்டி நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "இது ஒன்றையும் தின்னுதில்லை, எந்தச் சாப்பாடு நல்லது?" என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிப்போனார்கள் என்று உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டார். சலிக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எனக்கு ஒரு புதன்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை பிடித்தது. அதற்குள் ஒரு மனிதனின் பிழைப்புப் போகப் பார்த்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. நான் தீவுப்பகுதிக்குக் கால்நடைப் பரிசோதகர். அது அரசாங்கம் வைத்த பெயர். ஊர் வைத்தது மாட்டு டொக்குத்தர். அந்தப் புதன்கிழமை காலை வேலணையில் ஒரு எருதின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்காவற்றுறைச் சுங்கக் கந்தோர்ப் பியோன் சைக்கிளில் வந்து ஒரு துண்டுக் கடுதாசியைத் தந்துவிட்டு, வேறு கடிதம் கொடுக்க அப்பால் போய்விட்டார். கடுதாசியில் இரண்டே வசனம்.

"பெட்டி சாப்பிடவில்லை. உடனே வரவும்."

எருதின் சொந்தக்காரர் என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

"பெட்டி எப்பிடி ஐயா சாப்பிடும்?"

"கிளாக்கர் எழுத்துப் பிழை விட்டுட்டார் போலை கிடக்கு. பெட்டை எண்டு எழுத வந்திருப்பார்."

"பெட்டை சாப்பிடேல்லை எண்டால் தாய் தேப்பன் பாக்கட்டும். மாட்டு டொக்குத்தரை ஏன் கூப்பிடுகினம்?"

எங்கள் ஊரில் பெட்டை என்றால் பெண்பிள்ளை. ஆனால் எனக்கு மாட்டைத் தவிர வேறு நினைப்பு வருமா? பெட்டைக் கன்று என்று நானே முடிவு கட்டினேன். சுங்கத் துரையின் பங்களாவில் பாலுக்கு ஒரு பசு நின்றது. அதன் கன்றாக இருக்கும் என்று நினைத்து, மாட்டுக்கு மருந்து பருக்குகிற முழ நீள மூங்கில் குழாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு மிதித்தேன்.

பங்களாவின் விறாந்தையில் சுங்கத் துரையின் மனைவி நின்றா. பறங்கியர் குடும்பம், கொழும்பில் பிறந்து வளர்ந்தவ. ஊரில் எல்லாரும் நோனா என்றுதான் சொல்வார்கள். அவவின் கையில் வெள்ளைப் பஞ்சும் இரண்டு கறுத்தக் கண்ணுமாக ஏதோ இருந்தது. என் கையிலிருந்த குழாயைக் கண்டதும் நோனா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனா.

"இன்ஸ்பெக்டர்! அத வச்சு என்ன செய்யப் போறீங்க பெட்டிக்கு?"

அப்போதுதான் எனக்கு வெளித்தது. பெட்டி என்பது அந்தச் சின்ன நாயின் இங்கிலீசுப் பெயர். கிளாக்கர் ஒரு பிழையும் விடவில்லை. நான்தான் விட்டிருந்தேன்.

குழாயைப் பூஞ்சாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, என் பழைய வித்தையைக் காட்டினேன். என் கோட்டுப் பொக்கற்றில் எப்போதும் ஒரு பனங்கட்டித் துண்டு, பனைவெல்லம்தான், கடுதாசியில் சுற்றியபடி இருக்கும். முரட்டுக் கன்றானாலும் சரி, உதைக்கிற ஆடானாலும் சரி, முதலில் ஒரு சிறு துண்டை நக்கக் கொடுத்தால் பிறகு தொட விடும். பெட்டியும் நக்கியது, தொட விட்டது. நோனாவுக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. எனக்கும் என்மேல் வந்தது. அதுதான் பிசகு.

நோனா சொன்னது இதுதான். பன்னிரண்டு நாளாகப் பெட்டி தன் பீங்கானில் வாய் வைக்கவில்லை. கப்பலில் வந்த நாய் விசுக்கோத்து வேண்டாம். தகரப் பேணியில் அடைத்த இறைச்சி வேண்டாம். குசினியில் சமைக்கிற ஆட்டிறைச்சியும் வேண்டாம். மணந்து பார்க்கும், மூஞ்சையைத் திருப்பும், போய்ப் படுக்கும்.

"துரை எந்த நேரமும் கப்பல், கந்தோர் என்று போயிடுறார். பெட்டியும் போயிட்டா நான் இங்க யாரோட கதைக்கிறது?" என்று கேட்டபோது நோனாவின் கண் கலங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாட்டுக்காரர்கள் என் முன்னால் அழுததில்லை. அவர்கள் ஏசுவார்கள்.

குசினி வாசலில் இன்னொருவர் நின்றார். சமையல்காரர் சவிரிமுத்து. ஊர்காவற்றுறைக்காரர், அந்தப் பங்களாவில் மூன்று துரைமாருக்குச் சமைத்தவர். ஒவ்வொரு வருஷமும் அந்தோனியார் கோயில் பெருநாள் சமையலுக்குப் பெரிய பானை ஏற்றுகிறவரும் அவர்தான். நோனா உள்ளே போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நாய் தின்னாட்டி எனக்குச் சீட்டுக் கிழியும். நோனா சொல்லிப்போட்டா."

"வேறை பங்களா இல்லையே அண்ணை? உங்கடை கைக்கு வேலை கிடையாதோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்களுக்கு விளங்கேல்லை ஐயா. 'நாயும் தின்னாது' எண்டு சனம் சமையலைப் பழிக்கிறது சும்மா வாய்ப்பேச்சுக்கு. என்ரை சமையலை மெய்யாவே ஒரு நாய் தின்னேல்லை. கடற்கரை முழுக்க இதே கதை. பெருநாளுக்கு வேறை ஆளைப் பாப்பமோ எண்டு கோயில்லை கதைக்கத் தொடங்கியிட்டினம். நான் என்னத்தைச் சொல்லுறது?"

நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த மனிதனின் முகத்தைப் பார்த்த பிறகு அது தானாகவே போய்விட்டது. ஒரு சமையல்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது?

வியாழனும் வெள்ளியும் நான் சாப்பாட்டைத் தேடினேன். அதில் படித்தவற்றைச் சொல்கிறேன், பிழையான வழியில் போனாலும் படித்தது படித்ததுதானே.

முதலில் விசுக்கோத்து. ஒன்றை எடுத்து நானே கடித்துப் பார்த்தேன். நீங்களும் சிரிக்காமல் அப்படிச் செய்யுங்கள். ஒரு பிராணிக்குக் கொடுக்கச் சொல்லுகிற எதையும் முதலில் நீங்கள் மணந்து பார்க்க வேண்டும். விசுக்கோத்துத் தகரத்தில் குதிக்கிற நாயின் படம் அழகாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது கடற்காற்றில் மாதக்கணக்காகக் கிடந்து எண்ணெய் காறிப்போன சாமான். அதை உடைக்க என் கடைவாய்ப் பல்லே திண்டாடியது. பெட்டியின் பல்லோ அரிசிப் பருமன்.

பிறகு தகரப் பேணிகள். இரண்டு விதம் இருந்தன. ஒன்றைத் திறந்து கோப்பையில் கொட்டிக் கரண்டியால் பிரித்தேன். மாவும் குழம்பும் பிரிந்தன, இறைச்சியைத் தேட வேண்டியிருந்தது. மற்றது நல்லது. இறைச்சி இறைச்சியாகவே இருந்தது, மணமும் சுத்தம். விலையையும் படத்தையும் விட்டுவிட்டுக் கரண்டியை நம்புங்கள். ஆனால் அந்த நல்ல பேணியையும் பெட்டி மணந்துவிட்டுத் தும்மியது.

மூன்றாவது நான் சொல்லிச் சவிரிமுத்து செய்தது. கடலிலிருந்து அப்போதுதான் வந்த ஒட்டி மீனை வெறும் தண்ணீரில் அவித்து, முள்ளெல்லாம் எடுத்து, குழையக் காய்ச்சிய சிவப்பரிசிச் சோற்றோடு பிசைவது. சிறு நாய்க்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

"உப்பு?"

"வேண்டாம்."

"மிளகாய்த்தூள்?"

"வேண்டாம் அண்ணை."

"ஒரு துண்டு வெங்காயமாவது?"

"வெங்காயம் நாய்க்கு ஆகவே ஆகாது."

"தூளுமில்லை, வெங்காயமுமில்லை. பிறகு அதுக்கு நான் ஏன் ஐயா? கடலே சமைக்குமே!" என்றார். ஆனாலும் முள் எடுத்தது பார்க்க வேண்டிய காட்சி. கண்ணுக்குக் கிட்ட வைத்து, விரலால் தடவித் தடவி எடுத்தார். பீங்கானை வைத்துவிட்டு நோனாவோடு நாங்கள் மூவரும் தள்ளி நின்றோம். பெட்டி வந்தது, மணந்தது, சவிரிமுத்துவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது, போய்ப் படுத்துவிட்டது. அவர் பீங்கானை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

வேறு யாராவது தீனி போடுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு வராமலில்லை. நான் அவ்வளவு மொக்கன் இல்லை. வெள்ளி பின்னேரம் சுற்றுவட்டாரத்தில் எல்லாரையும் கேட்டேன். கந்தோரில் அந்தக் கடுதாசி எழுதிய கிளாக்கர் செல்லத்துரை, இறங்குதுறை வள்ளக்காரர், கருவாடு விற்கிற திரேசம்மா, பக்கத்து வளவுப் பொன்னம்மா அக்கா. எல்லாரிடமும் ஒரே கேள்விதான்.

"நோனாவின்ரை நாய்க்கு ஆரும் சாப்பாடு குடுக்கிறனீங்களோ?"

"இல்லை ஐயா."

"ஐயையோ, துரை வீட்டு நாய்க்கு நாங்கள் சாப்பாடு குடுக்கிறதோ?"

"அந்தோனியாராணை இல்லை!"

அத்தனை பேரின் முகத்திலும் பொய்யில்லை. முப்பது வருஷ உத்தியோகத்தில் பொய் சொல்லுகிற மாட்டுக்காரர் எத்தனையோ பேரைக் கண்டவன் நான். இவர்கள் உண்மைதான் சொன்னார்கள். அதனால் அந்த வழியை மூடிவிட்டு, வயிற்றுக்குள் ஏதோ பெரிய வருத்தம் என்று பயப்படத் தொடங்கினேன்.

சனிக்கிழமை காலை போனபோதும் முதலில் பனங்கட்டி. பெட்டி பின்னங்காலில் நின்று வாங்கிக்கொண்டது. வயிற்றை அமத்திப் பார்ப்பதற்காகக் கழுத்துப் பட்டியைக் கழற்றினேன். பட்டித் தோலில் பழைய கொளுக்கியின் தழும்பு மூன்றாவது துளையில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஆனால் நான் கழற்றியதோ இரண்டாவது துளையிலிருந்து.

"நோனா, பட்டியை இளக்கினது ஆர்?"

"நான்தான். போன கிழமை. இறுக்கமா இருந்தது, பாவம்."

பதினைந்து நாள் பட்டினி கிடக்கிற நாய்க்குக் கழுத்துப் பட்டி எப்படி இறுகும்? என் முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது. மூன்று நாளாக நான் பேணியைப் பார்த்தேன், விசுக்கோத்தைப் பார்த்தேன், நோனாவின் கண்ணீரைப் பார்த்தேன். நாயைப் பார்க்கவில்லை. வெட்கக்கேடு. முதல் நாளே தூக்கிப் பாரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தம்பிமாரே, வீட்டுக்காரர் "தின்னுதில்லை" என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். விலா எலும்பை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாயை ஒரு மணித்தியாலம் என்னிடம் விடும்படி நோனாவைக் கேட்டுக்கொண்டு, வாசல் படலையைத் திறந்துவிட்டேன். பெட்டி எங்கே போவோம் என்று யோசிக்கவில்லை. கந்தோருக்குச் சம்பளத்துக்குப் போகிறவர் மாதிரி நேராக நடந்தது. இருபதடி பின்னால் நான்.

முதலில் கந்தோர் யன்னல். பெட்டி பின்னங்காலில் நின்று ஒரு கையை ஆட்டியது. செல்லத்துரை மேசையிலிருந்து பாதி வடையை எட்டிப் போட்டார். அடுத்தது இறங்குதுறை. அங்கே அதற்குப் பெயர் சீமாட்டி. "சீமாட்டி வாறா, வழி விடுங்கோடா!" என்று வள்ளக்காரர் சுட்ட மீனில் நடுத்துண்டாகப் பார்த்துக் கிள்ளிக் கொடுத்தார்கள். பிறகு திரேசம்மாவின் கருவாட்டுப் பாய். அங்கே அதற்குப் பெயர் குஞ்சு. கடைசியில் பொன்னம்மா அக்காவின் குசினி வாசல். அது சைவ வீடு. அங்கே பெட்டியின் பெயர் லட்சுமி. லட்சுமிக்கு நெய் விட்ட பிட்டு ஒரு உருண்டை, வெள்ளிக்கிழமைகளில் இரண்டாம். மீன் மச்சம் தின்ற வாயை முற்றத்து மண்ணில் துடைத்துவிட்டுத்தான் அந்த வாசலுக்குப் போனது என்று நான் சத்தியம் செய்வேன்.

ஒவ்வொருவரும் தாங்கள் ஒருவர் மட்டும்தான் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்து திரேசம்மாவின் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

"நேற்றுக் கேட்டனான். சாப்பாடு குடுக்கிறேல்லை எண்டு அந்தோனியாரிலை ஆணை வைச்சனீங்கள்!"

"இப்பவும் வைப்பன்! சாப்பாடு ஆர் குடுத்தது?"

"இப்ப என்னத்தைக் குடுத்தனீங்கள்?"

"ஒரு துண்டுக் கருவாடு. சும்மா வாய்க்கு. அது சாப்பாடே ஐயா? சோறெல்லோ சாப்பாடு!"

அவ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் வீட்டிலும் அப்படித்தானே? பின்னேரம் பிட்டு, வடை, பலகாரம் எல்லாம் தின்றுவிட்டு, "இன்னும் சாப்பிடேல்லை" என்றுதானே நானும் சொல்லுகிறேன்? சோறு வயிற்றில் விழுந்தால்தான் எங்கள் பாஷையில் சாப்பாடு. செல்லத்துரை கொடுத்தது வடை, சாப்பாடு இல்லை. பொன்னம்மா அக்கா கொடுத்தது பிட்டு, சாப்பாடு இல்லை. ஊரே உண்மை சொன்னது. இங்கிலீசுக்காரன் ஒருவன் வந்து அரைகுறைத் தமிழில், "நாய்க்கு என்ன குடுத்தது?" என்று கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்திருப்பான். தமிழன் கேட்டதால் பிழையாய்ப் போனது.

ஆனால் எங்களுக்கு ஒரு வாய், அந்தச் சிறிய வயிற்றுக்கு ஒரு நேரத் தீனி. அப்படி நாலு வீடு. பிறகு பங்களாவுக்கு வந்து உப்பில்லாத மீனை ஏன் பார்க்கும்?

இனித்தான் கஷ்டமான இடம். நோனாவிடம் பெயர்களைச் சொன்னால் சவிரிமுத்து அந்தக் கணமே தப்புவார். ஆனால் செல்லத்துரை துரைக்குக் கீழே வேலை செய்கிறவர். விஷயம் விளங்கியதும் அவர் யன்னலுக்கு வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "ஐயா, நோனாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. துரை என்னை எந்தக் காட்டுக்கு மாத்துவாரோ தெரியாது." சொல்லாவிட்டாலோ, அவர்கள் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். "கொடுக்காதீர்கள்" என்று திரேசம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வாசலிலை வந்து நிக்கிற சீவனுக்கு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்கு ஏலாது ஐயா."

ஏலாதுதான். அந்த ஊரில் யாருக்கும் ஏலாது. சட்டம் போட்டாலும் நடக்காது. யோசித்துக்கொண்டு நின்றபோது, போன வருஷம் திரேசம்மாவின் புருஷன் செங்கமாரிக் காமாலை வந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. பரியாரி சொன்ன பத்தியத்துக்காக, அந்த மனிசனுக்குப் பக்கத்து வீட்டுப் பொரியல் மணம்கூட வரக்கூடாது என்று யன்னலைச் சாத்தி வைத்தவ இவ. பிடித்துக்கொண்டேன்.

"திரேசம்மா, நாய்க்கு இண்டைக்கு மருந்து குடுக்கிறன். பத்தியம்."

அவவின் முகம் மாறிவிட்டது. "பத்தியமோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா! எத்தினை நாளைக்கு?"

"நான் சொல்லுமட்டும். சவிரிமுத்து அண்ணை கையாலை குடுக்கிறதைத் தவிர ஒண்டும் ஆகாது."

பொய் சொல்லவில்லை. அன்று மத்தியானம் பெட்டிக்கு அரைக் கரண்டி ஆமணக்கெண்ணெய் மெய்யாகவே கொடுத்தேன். அத்தனை வடைக்கும் கருவாட்டுக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. பின்னேரத்துக்குள் கடற்கரை முழுக்கச் செய்தி போய்விட்டது. வள்ளக்காரர் ஒருவர் என்னை மறித்து, "சீமாட்டிக்கு இளநீர் ஆகுமோ ஐயா?" என்று பயபக்தியோடு கேட்டார். பொன்னம்மா அக்கா வேலிக்கு மேலால், "லட்சுமிக்குப் பத்தியம் முறிக்கேக்கை சொல்லுங்கோ, முருங்கையிலை வறுத்துத் தாறன்" என்றா.

நோனாவிடம் நடந்ததைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

"யார் குடுத்தது, இன்ஸ்பெக்டர்?"

"ஊர், நோனா. ஒராளைச் சொன்னால் மற்றவை கோவிப்பினம், தங்களை விட்டுட்டன் எண்டு."

நோனா படலைக்கு அப்பால் கடற்கரையைப் பார்த்தா. கோபம் வருமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்ப அவளுக்கு இங்க இவ்வளவு பேர் இருக்காங்களா? எனக்கு ஒருத்தரையும் தெரியாதே!" என்றா கடைசியில். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. "நாளைக்குச் சவிரிமுத்துவின் பீங்கானில் சாப்பிடட்டும். அப்பதான் நம்புவன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவிரிமுத்து வெள்ளை வேட்டியோடு அப்படியே குசினிக்குள் போனார். நான் வந்து சேர்ந்தபோது விறாந்தையில் பெட்டி என்னைக் கண்டு ஓடிவந்து பின்னங்காலில் நின்றாடியது. துரையும் அன்று வீட்டில். படலைக்கு வெளியே, பூசைக்குப் போய் வந்த சனத்தில் பாதி ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு நின்றது. கோயில் பெருநாளை நடத்துகிற இரண்டு பெரியவர்களும் அதற்குள் நின்றார்கள்.

ஒட்டி மீன், சிவப்பரிசிச் சோறு. சவிரிமுத்து பீங்கானைத் தரையில் வைத்தார்.

பெட்டி போனது. மணந்தது. மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

பத்தியத்தை யார் முறித்தார்கள்? படலைக்கு வெளியே பார்த்தேன். திரேசம்மா சிலுவை போட்டுக் காட்டினா. நோனா என்னைப் பார்த்தா. நான் சவிரிமுத்துவைப் பார்க்கத் துணியவில்லை. மூன்று துரைமாருக்குச் சமைத்த மனிதன் ஊர் முன்னால் தலை குனிந்து நிற்பார், நிறுத்தியது நான்.

ஆனால் அவர் தலை குனியவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி என் முன்னால் பின்னங்காலில் நின்று ஒரு கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றார் மெதுவாக. "அது உங்கடை பொக்கற்றையெல்லோ பாக்குது. காலமை வந்தவுடனை ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லையே அண்ணை! நான் சாப்பாடு ஒண்டும் குடுக்கேல்லை. ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டு, சும்மா வாய்க்கு..."

சொல்லி முடிக்கவில்லை. படலைக்கு வெளியே திரேசம்மா வெடித்துச் சிரித்தா. அவவைத் தொடர்ந்து செல்லத்துரை, வள்ளக்காரர், பெருநாள் பெரியவர்கள். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரும் சிரித்தார். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு நாள் தவறாமல் நான் கொடுத்திருக்கிறேன். ஊரெல்லாம் தேடிய கள்ளன் என் கோட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான். என் காதுவரை சூடேறிவிட்டது. ஆனாலும், உள்ளதைச் சொன்னால், நானும்தான் சிரித்தேன்.

சவிரிமுத்து கையை நீட்டினார். நான் கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அதைக் குசினி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "இனி நீங்களும் படலைக்கு வெளியிலை நில்லுங்கோ ஐயா" என்றார். அரசாங்க உத்தியோகத்தனை ஒரு சமையல்காரர் வெளியே போகச் சொன்னார், நான் போனேன். அந்த ஐந்து நாளில் நான் செய்த ஒரே சரியான வைத்தியம் அதுதான்.

படலைக்கு வெளியே கருவாட்டுக்காரிக்கும் கிளாக்கருக்கும் நடுவில் நின்றுகொண்டு காதைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பீங்கான் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது. சவிரிமுத்து வெளியே வந்து பீங்கானைப் படலைக்கு மேலால் தூக்கிக் காட்டினார். கழுவியெடுத்த மாதிரி இருந்தது. அந்த மனிதனின் கண் கலங்கி, வாய் சிரித்தது.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். எந்தச் சாப்பாடு நல்லது? மணம் சுத்தமாக இருக்கிற, இறைச்சியோ மீனோ உண்மையாகவே உள்ளே இருக்கிற எதுவும் நல்லதுதான். நாளுக்கொன்றாக மாற்றாமல் ஒன்றையே கொடுக்கச் சொல்லுங்கள். தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் பீங்கான் கீழே இருக்கட்டும், தின்னாவிட்டால் எடுத்துவிடட்டும். ஆனால் அதற்கெல்லாம் முதல், "சாப்பாடு குடுக்கிறனீங்களோ?" என்று கேட்காமல், "வாயிலை என்னென்ன போகுது?" என்று கேளுங்கள். கேட்கும்போது உங்கள் பொக்கற்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நோனா பெட்டியைத் தானே கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வரத் தொடங்கினா. நாய்க்குத்தானே பத்தியம்? நோனாவுக்கு இல்லையே! சுட்ட மீன், பிட்டு, வடை எல்லாம் நோனாவின் கைக்கு மாறின. இரண்டு மாதத்தில் அவவின் சட்டைகளை இளக்க வேண்டி வந்ததாகச் செல்லத்துரை சொன்னார். கதைக்க ஆளில்லை என்று அதன்பிறகு அவ சொல்லக் கேட்கவில்லை.

அந்த வருஷப் பெருநாளுக்கும் பெரிய பானை ஏற்றியது சவிரிமுத்துதான். நான் சைவக்காரன் என்பதால் எனக்குப் புறம்பாக மரக்கறி வைத்து, பந்தியின் நடுவில் இருத்தினார்கள். கடைசியாகப் பனங்கட்டிப் பாயாசம் வந்தது. சவிரிமுத்து தானே வாளியோடு வந்து எல்லாருக்கும் வார்த்துக்கொண்டு வந்தார். என் இலைக்கு முன்னால் வந்ததும் அகப்பையைத் தூக்கிக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஐயாவுக்குப் பனங்கட்டி பத்தியம்!" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விட்டார். இரண்டு பந்திச் சனமும் உருண்டு சிரித்தது. நான் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பந்தியின் கடைசிவரை போனவர் திரும்பி வந்தார். என் பக்கத்தில் குந்தி, ஒரு அகப்பை, இரண்டு அகப்பை, மூன்றாவதும் வார்த்தார்.

"வயிறு நிறைஞ்சு போச்சு அண்ணை, காணும்" என்றேன்.

"பயப்பிடாமல் குடியுங்கோ ஐயா," என்றார் சவிரிமுத்து. "இது சாப்பாடு இல்லை."